பொட்டுச் சோதனை என்னுடையது

பொட்டுச் சோதனையைக் கண்டவன் நான். காரைக்குடி வட்டாரத்தில் மைக்செட் வைத்திருப்பவர்களும், ரேடியோ பழுது பார்ப்பவர்களும், ஹெட்போன் வாங்க வருகிறவர்களும் அதைச் சிக்கந்தர் பாயின் பெயரில் சொல்கிறார்கள். இது எனக்குச் செய்யப்பட்ட அநியாயம். அவர் உயிரோடு இருந்தபோதும் நடந்தது, அவர் போன பிறகும் நடக்கிறது. அவர் இறந்த செய்தியே அந்த அநியாயத்தைக் கூட்டிக்கொண்டுதான் என் கடை வாசலுக்கு வந்தது.

அன்று காலை ஒரு பழைய ரேடியோவின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நாட்டரசன்கோட்டையில் மைக்செட் நடத்தும் முத்தையா, சைக்கிளைவிட்டு இறங்காமல் வாசல்படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, பாய் மவுத்தாயிட்டாகண்ணே" என்றார். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "என்னா மனுசண்ணே! பொட்டுச் சோதனை கண்டுபிடிச்ச ஆளு. இனிமே ஹெட்போன் பாத்துக் குடுக்க நமக்கு யாருண்ணே இருக்கா?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். நான் அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். பள்ளிவாசலில் இருந்து தெருமுனை வரைக்கும் ஆட்கள். சாக்கோட்டையிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வேட்டியும் கைலியும் ஒன்றாகக் கலந்து நின்றன. எனக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நினைப்பு அங்கே வந்திருக்கக் கூடாது என்பார்கள். வந்தது, எழுதுகிறேன்.

பிறகு மைக்செட் உரிமையாளர் சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் பொட்டுச் சோதனையைச் சொன்னார்கள். அவர் படத்தைச் சங்க அறையில் மாட்டி, அடியில் 'பொட்டுச் சோதனை தந்தவர்' என்று எழுதுவதாகத் தீர்மானம் போட்டார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாய்கூட ஒரே கடையில இருந்தவுக நீங்கதான். அஞ்சலி மலருக்கு நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார். ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். அவரும் சரி என்றார். அதை அவர் மறந்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சிக்கந்தரை அறியாதவர் உங்களில் யாரும் இல்லை. ஆனாலும் அவர் கடையின் முன்பக்கத்தைத்தான் நீங்கள் அறிவீர்கள். பின்பக்கத்தில் இருந்தவன் நான். ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னால் அவர் சிங்கப்பூர்ச் சாமான் விற்றார், பின்னால் என் மேசையில் பழுது பார்த்தேன். அறுபதுகளின் நடுவில் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கட்டு ஹெட்போன் கொண்டு வருவார். எல்லாம் விலை குறைந்த ரகம். சிலது ஜப்பானில் செய்தது, சிலது ஹாங்காங், சிலதில் எங்கே செய்தது என்றே எழுதியிருக்காது. தலைக்கு மேல் வளையும் பட்டை பிளாஸ்டிக். காதில் படும் பஞ்சு நம் ஊர் வேர்வைக்கு ஒரு கோடை தாங்காது. ஆனாலும் வாங்க ஆள் இருந்தது. திருவிழா இரைச்சலில் அடுத்த இசைத்தட்டைத் தேடும் மைக்செட்காரர்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டில் மற்றவர் தூக்கம் கெடாமல் பாட்டுக் கேட்க நினைத்தவர்களும் வாங்கினார்கள்.

சிக்கந்தர் பட்டையை ஒருமுறை விரித்துப் பார்த்து, "நல்லாருக்கு" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். கொஞ்ச நாளில் அது திரும்பி வரும், என் மேசைக்கு. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "தம்பி, இனிமே நான் போட்டுப் பாக்காம ஒண்ணும் வெளிய போகக் கூடாது" என்றேன். கிராமபோன், ஆம்பிளிபையர், அதிலிருந்து பல ஹெட்போனுக்குப் பிரியும் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் நானே பற்றவைத்து மேசைமேல் வைத்தேன்.

முதல் தட்டு நாகசுரம். தவிலில் குச்சி விழும் பக்கமும் விரல் விழும் பக்கமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மட்ட ரகத்தில் இரண்டும் சேர்ந்து குழம்பு மாதிரி கொதிக்கும். நாகசுரம் மேலே ஏறும்போது காதில் ஊசி குத்தினால் அதையும் தள்ளிவிடுவேன். இரண்டாவது தட்டு, பெண் தனியாகப் பாடிய சினிமாப் பாட்டு. அதைப் போட்டபோதுதான் விஷயம் நடந்தது. ஒரு ஹெட்போனில் நாகசுரம் நன்றாக இருந்தது, தவிலும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் குரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் வெளியே சிதறிப் போயிற்று. பிரித்துப் பார்த்தேன். செய்த இடத்திலேயே ஒரு பக்கத்துக் கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். மாற்றி வைத்துவிட்டு மறுபடியும் காதில் மாட்டினேன். சிதறிக் கிடந்த குரல் அப்படியே கூடி வந்து நெற்றிக்கு நடுவில் நின்றது. காதில் இல்லை, நெற்றியில். "பொட்டு வைக்கிற எடத்துல வந்து நிக்குதுய்யா!" என்று கத்திவிட்டேன்.

சிக்கந்தர் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பாட்டுக்கு யாரு பொட்டு வச்சா?" என்று சிரித்தார். அவர் காதிலும் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிரிப்பு நின்றது. நடுவிரலை எடுத்து மெதுவாகத் தன் நெற்றியில் வைத்தார். "ஆமாண்ணே" என்றார்.

பொட்டுச் சோதனை பிறந்தது இப்படித்தான். சாட்சி அவர் ஒருவர். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டில் பொட்டு வைக்கும் பழக்கம் கிடையாது. அந்தச் சொல் முதன்முதலில் அவர் வாயில் எப்படி வந்திருக்கும்? இந்த ஊரில் யாருக்கும் இது தோன்றவில்லை.

மூன்றாவது தட்டு அவருடையது. அதை நான் மறைக்கவில்லை. "ரெண்டும் உங்க ஆளுக பாட்டாவே இருக்குண்ணே. எங்க பாட்டு ஒண்ணு வையிங்க" என்று, கைப்பறையான தாயிராவை அடித்துப் பாடிய ஒரு தட்டை வீட்டிலிருந்து கொண்டு வந்தார். தாயிராவின் விளிம்பில் கோத்த சில்லுகள் ஒவ்வொரு அடிக்கும் சிலிர்க்கும். மட்டமான ஹெட்போனில் அது மணலை அள்ளிக் கொட்டுவதுபோல இருக்கும், நல்லதில் ஒவ்வொரு சில்லும் தனியாகக் கேட்கும். அதைவிட நல்ல தட்டு எனக்குப் பிறகும் கிடைக்கவில்லை. எத்தனையோ தேடினேன். அந்த ஒரு விஷயத்தில் அவரை வெல்ல வேண்டும் என்றுதான் தேடினேன்.

சோதனை என்னுடையது, ஆனால் சனம் அவரிடம்தான் போயிற்று. அவர் தொழுகைக்குப் போயிருப்பார். நான் மேசையில் இருப்பேன், தலையில் ஹெட்போனோடு. வருகிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டு, "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்பார். இதை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சிக்கந்தர் வரும்வரை வெயிலில் நிற்பார்கள். அவர் வந்ததும், "என்ன மாப்ளே, வெளியவே காயிறீக? அண்ணே உள்ளதான இருக்காக" என்பார். அவர் அப்படிச் சொன்னது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவர் ஹெட்போன் விற்கும் முறையே வேறு. வாங்க வந்தவர் தலையில் மாட்டிவிட்டு, "எந்தப் பாட்டக் கேட்டா உங்களுக்கு என்னமோ பண்ணும்? அதச் சொல்லுங்க" என்பார். அந்தத் தட்டைத் தேடி எடுத்துப் போடுவார். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், நான் ஆகாது என்று ஒதுக்கி வைத்ததை எடுத்துக்கொண்டு போனார். "ஐயா, அதுல தவில் கேக்காது" என்றேன். "எனக்கு எதுக்குய்யா தவிலு?" என்றார் அவர். வாத்தியார் போன பிறகு சிக்கந்தரிடம் சண்டை போட்டேன். "நீங்க சாமானச் சோதிக்கிறீகண்ணே. அது சரிதான். ஆனா வாங்குற ஆளையும் ஒரு வார்த்த கேக்கணும்ல?" என்றார். வாத்தியார் அந்த ஹெட்போனைத் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. வருவார் என்று வெகுநாள் காத்திருந்தேன்.

இனிக் கண்டனூர்க் கல்யாணத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கம். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, பெண்ணுக்குக் கல்யாணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண்ணின் தாயார் உமையாள் ஆச்சி. அவருடைய கணவர் மலாயாவில் தொழில் செய்த இடத்திலேயே காலமானவர். அதனால் தாலி ஏறும் திருப்பூட்டு நேரத்தில் ஆச்சி நடுமுற்றமான வளவுக்கு வரமாட்டார், இரண்டாங்கட்டில் ஓர் அறையில் இருப்பார். அது அந்த வீட்டு வழக்கம், அவரும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார். அவருடைய அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார். "தங்கச்சி உள்ளதான் இருப்பா. மேளச் சத்தம் அங்குட்டு வரும், ஆனா வளவுல எதிரொலிச்சு ஒரே இரைச்சலாப் போயிரும். பெரியவுக சொல்றது, பொண்ணு பேரு மாப்பிள பேரு வாசிக்கிறது, ஒண்ணும் வெளங்காது. அவளுக்கு அது காதுல விழணும்" என்றார். மைக்கிலிருந்து அறைவரை கம்பி இழுத்து ஹெட்போன் வைக்கலாம் என்று சொன்னவன் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருந்ததிலேயே சிறந்த ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று தட்டிலும் தேறியது. முகூர்த்தத்துக்கு முன்பாக, வளவில் முத்தையா ஆம்பிளிபையர் பக்கத்தில் இருக்க, சுவர் ஓரமாகக் கம்பியைக் கொண்டுபோய் இரண்டாங்கட்டு அறையில் சேர்த்தேன். சிக்கந்தர் கம்பி காலில் தட்டாமல் வாசல்படியில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆச்சி வெள்ளைப் புடவையில் பாயில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறவுப் பெண்கள். ஹெட்போனை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். வளவில் முத்தையா, சோதனைக்காக அந்தப் பெண் பாட்டைப் போட்டார். ஆச்சி ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கி, "கேக்குதுப்பா" என்றார்.

நான் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டேன். "கேட்டாப் போதாது ஆச்சி. பாடுற கொரலு பொட்டு வைக்கிற எடத்துல நிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

ஆச்சி தலையாட்டிவிட்டு, விலக்கிய பக்கத்தை மறுபடியும் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆச்சியின் அண்ணன் மனைவிக்குத்தான் முதலில் வாய் வந்தது. "என்னய்யா கேள்வி இது? யாருகிட்ட என்ன கேக்குறதுன்னு இல்ல? நல்ல நாளும் அதுவுமா?" இன்னொரு பெண், "வெளிய போகச் சொல்லுங்க மொதல்ல" என்றார். தொழிலில் கேட்கும் கேள்வி அது, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாசல்படியிலிருந்து சிக்கந்தர் முந்திக்கொண்டார். "மன்னிச்சுக்கிடுங்க தாயி. அது எங்க கடைப் பேச்சு. நான் பழக்கிவிட்ட சொல்லு, அண்ணே வாயிலயும் தொத்திக்கிருச்சு. வெவரங்கெட்டுப்போய் வச்ச பேரு. தப்பு எம்மேலதான்." பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபம் வடிந்துவிட்டது. "பாய்க்கு என்ன தெரியும் பாவம், விடுங்க" என்றார் அண்ணன் மனைவி.

இவ்வளவும் நடந்தது ஆச்சிக்குத் தெரியாது. இரண்டு காதும் மூடியிருந்தது. பாட்டில் ஒரு சரணம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒன்றும் இல்லாத தன் நெற்றியின் நடுவில் விரலை வைத்தார். காதை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லாரும் உரக்கத்தான் பேசுவார்கள். அவரும் உரக்கச் சொன்னார்: "ஆமாப்பா. இங்கனதான் நிக்குது."

அண்ணன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். திருப்பூட்டு முடியும்வரை ஆச்சி ஹெட்போனைக் கழற்றவில்லை. பெரியவர்கள் பெண்ணின் பெயரை வாசித்தபோதும், பெண்ணின் அப்பச்சியாக ஆச்சியின் கணவர் பெயரை வாசித்தபோதும், அந்த விரல் மறுபடி மறுபடி அதே இடத்துக்குப் போயிற்று.

என் கேள்வி தவறு என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. யாரிடம் கேட்டேனோ அவர் பதில் சொல்லிவிட்டார். இல்லாத ஒரு தவறுக்குச் சிக்கந்தர் மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். அவருக்குப் பொறுக்கவில்லை. நான் நாலு பெண்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அவருடைய குணம் அது. அந்தக் குணத்தில்தான் என் சொல் என்னைவிட்டுப் போயிற்று.

முத்தையா அதை எல்லாக் கல்யாணத்திலும் சொன்னார். முதலில் கேலியாக: "கண்டனூர்ல பாய் நல்லா மாட்டிக்கிட்டாக." அடுத்த வருடத்தில் அது, "பாய் பொட்டுச் சோதனைன்னு ஒண்ணு வச்சிருக்காக" என்று மாறியது. பிறகு மைக்செட்காரர்கள் கடைக்கு வந்து, "பாய், அந்தப் பொட்டுச் சோதனை பாத்துக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிக்கந்தர் பின்பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பார். பிறகு தட்டைப் போடுவார். 'அது அண்ணனுது' என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒருநாள் என் மேசையைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனேன். சண்டை போட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். சண்டை இல்லை. அவர் மேசையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் புதுக் கடைவரை வந்தார். அதற்கும் ஊர் அவரைத்தான் புகழ்ந்தது.

அவர் நெஞ்சுச் சளியோடு படுத்தபோது பார்க்கப் போனேன். கழுத்தில் ஒரு பழைய ஹெட்போன் தொங்கியது, பஞ்சு பிய்ந்தது. நலம் விசாரித்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"தம்பி, எஞ்சொல்லத் திருப்பிக் குடு."

"எந்தச் சொல்லுண்ணே?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார். "எடுத்துக்கிடுங்கண்ணே. நானா கட்டிப் போட்டு வச்சிருக்கேன்?"

"எனக்கு இல்ல. ஊருக்குச் சொல்லு. சங்கத்துல எந்திரிச்சுச் சொல்லு."

"அது மட்டும் முடியாது. கண்டனூர் வீட்ல அத்தன பொம்பளையாளுக முன்னால எஞ்சொல்லுன்னு சொல்லிப்புட்டேன். இப்ப இல்லைன்னா, நான் அன்னைக்குப் பொய் சொன்னவனால்ல ஆயிருவேன்? அந்த வீட்டுக்காரவுக இன்னமும் என்னக் கண்டா நின்னு பேசிட்டுப் போறாக."

"அப்ப நான்?"

"நான் மவுத்தான பெறகு சொல்லிக்கிடுங்கண்ணே. அப்ப யாரும் வந்து என்னக் கேக்க மாட்டாக. ஆனா முழுசாச் சொல்லணும். யாருகிட்ட கேட்டீகங்கிறதையும் சேத்துச் சொல்லணும். பாதிய மட்டும் எடுக்கக் கூடாது."

"சொல்லுவேன்."

"சொல்லுவீக. அந்த வீம்பு உங்ககிட்டத்தான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னபடி முழுசாகச் சொல்லிவிட்டேன். ஆனால் என் உரிமையை அவருடைய அஞ்சலி மலரில் வந்து கேட்கும்படி ஆக்கிவிட்டுப் போய்விட்டார். படிக்கிறவர்கள் இப்போதும் அவரைத்தான் நல்லவர் என்பார்கள். போகும்போதும் என்னை முந்திக்கொண்டுதான் போனார்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். சங்கத் தலைவர், பாய் படத்துக்கு அடியில் எழுதிய வரியை அழிக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. 'மூன்றாவது தட்டைத் தந்தவர்' என்று எழுத வேண்டும். கண்டனூரில் நண்பனுக்காகப் பழியை ஏற்றவர் என்றும் சேர்க்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. முத்தையா இனிக் கல்யாணங்களில் கதை சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டும், ஆச்சி நெற்றியில் விரல் வைத்ததையும் விடாமல் சொல்ல வேண்டும். அவர் அப்போது வளவில் இருந்தார், அறையில் இல்லை. அதையும் சொல்லட்டும். சிக்கந்தர் வீட்டார் அவர் கழுத்தில் கிடந்த ஹெட்போனைத் தூக்கி எறியாமல் என்னிடம் கொடுத்தனுப்ப வேண்டும். புதுப் பஞ்சு வைத்துத் திருப்பித் தருகிறேன். கண்டனூருக்கு நானே போக வேண்டும். பாய் போய்விட்டார் என்பதை உமையாள் ஆச்சிக்கு வேறு யாரும் சொல்ல வேண்டாம். கல்யாணத்தன்று நான் அவரிடமே விட்டுவந்த ஹெட்போனும் இந்நேரம் பழுதாகியிருக்கும். சரிசெய்து அவர் கையில் கொடுத்து, அதே கேள்வியை அதே சொல்லால் கேட்பேன்.

அந்தத் தாயிராத் தட்டு என்னிடம் இருக்கிறது. மேசையைத் தூக்கிவந்த அன்று சிக்கந்தர்தான் அதை என் பெட்டிக்குள் வைத்தார். அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை. ஹெட்போன் பார்த்து வாங்க வேண்டியவர்கள் இனி என்னிடம் வர வேண்டும். மூன்று தட்டும் மேசைமேல் இருக்கும். வாசலில் நின்று கூப்பிட வேண்டியதில்லை. கடையில் ஆள் இருக்கிறது.